உப்புப் போட்ட ஐஸ்

காசிமேட்டில் ஒரு பொருள் கெடாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்று யாரைக் கேட்டாலும் மனோகரனைத்தான் கைகாட்டுவார்கள். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஐஸ் ஃபேக்டரியில் இருபத்தாறு வருஷமாக அவர்தான் ஆபரேட்டர். அதனால், தன் மனைவி அங்கம்மா சிங்கப்பூருக்கு எடுத்துப்போகவேண்டிய இன்சுலின் பாட்டில்களைக் கட்டும் வேலையை அவர் வேறு யாரிடமும் விடவில்லை.

அது 2002 பிப்ரவரி. மகள் மலருக்குத் தலைப்பிரசவம். மருமகன் வெற்றி அங்கே கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் சூப்பர்வைசர். டாக்டர் கொடுத்த தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இரண்டு மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்ள அங்கம்மா கிளம்பினாள்.

அங்கம்மாவுக்கு ஆறு வருஷமாக இன்சுலின். காலையில் இருபத்து நான்கு, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பன்னிரண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தங்கச்சி கல்யாண அலைச்சலில் அங்கம்மா நாலு நாள் ஊசியை விட்டுவிட்டாள். ஐந்தாம் நாள் வாந்தி, பெருமூச்சு, அப்புறம் நினைவே இல்லை. பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் குழாய்களோடு கிடந்தாள். அங்கிருந்த டாக்டரம்மா மனோகரனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இன்றைக்கும் அவர் காதில் இருக்கிறது. "இது மருந்துன்னு நெனைக்காதீங்க. நம்ம உடம்பு தானா சுரக்கிறதை இவங்க உடம்பு சுரக்கிறதில்லை. வெளியிலிருந்து நாம ஊத்துறோம். நிறுத்தினா இவங்க இருக்கமாட்டாங்க."

அவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. ஒரு பெரிய மண்பானைக்குள் சின்ன மண்பானை, இரண்டுக்கும் நடுவில் ஈர மணல். மணலில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது உள்பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். தினம் ஒரு செம்பு தண்ணீர் மணலில் ஊற்றினால் போதும், பாட்டில் சித்திரை வெயிலிலும் கெடாது. இந்த ஏற்பாட்டைச் சொல்லிக்கொடுத்ததும் அதே டாக்டரம்மாதான்.

பயணத்துக்கும் அவரே கடிதம் எழுதிக்கொடுத்தார். இன்ன நோய், இன்ன மருந்து, இத்தனை யூனிட், ஊசிகள் இவர் கையில் இருக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில். அப்போதெல்லாம் விமானத்தில் கூரான எதைக் கண்டாலும் பிடுங்கிக்கொண்டிருந்த நேரம். "மருந்தைப் பெட்டியில போட்டு அனுப்பிடாதீங்க. விமானத்துக்கு அடியில சாமான் வைக்கிற இடம் ரொம்பக் குளிரும். கைப்பையிலேயே வெச்சுக்கணும். குளுமையா இருக்கணும், ஆனா ஐஸ் படக்கூடாது" என்றார்.

மனோகரன் தலையாட்டினார். ஐஸ் படக்கூடாது என்றால் ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத்தான் தெரியுமே. ஐஸ் உருகிய தண்ணீரில் மீன் ஊறினால் சப்பென்று ஆகிவிடும், செவுள் வெளுத்துவிடும். மருந்து பாட்டிலுக்குள்ளும் தண்ணீர் இறங்கிவிடும் என்று டாக்டரம்மா பயப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டார்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் ஃபேக்டரியிலேயே கட்டினார். ஒரு பாட்டில் பதினோரு நாள் வரும். இரண்டு மாதத்துக்கு ஆறு. கூட ஒன்று இருக்கட்டும் என்று ஏழு வாங்கியிருந்தார். ஒவ்வொன்றையும் இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை டேப்பால் ஒட்டினார். சின்னத் தெர்மோகோல் பெட்டியின் அடியில் ஐஸ் தூள், நடுவில் பாட்டில்கள், மேலே ஐஸ் தூள். கடைசியில் இரண்டு கைப்பிடி கல்லுப்பு.

உப்பு எதற்கு என்று கேட்டால் அவருக்குச் சொல்ல அவ்வளவு ஆசை. வெறும் ஐஸ் சீக்கிரம் உருகி ஒன்றுக்கும் ஆகாமல் போகும். உப்புப் போட்டால் குளிர் இன்னும் கீழே இறங்கும், பூஜ்யத்துக்கும் கீழே. ஐஸ் ஃபேக்டரியே அந்தச் சூத்திரத்தில்தான் ஓடுகிறது. பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். அமோனியா குழாய் அதை மைனஸ் பத்து வரைக்கும் குளிரவைக்கும். உப்பு இருப்பதால் அது உறையாது, தண்ணீராகவே நிற்கும். அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகர கேன்களை இறக்கினால், கேனுக்குள் இருக்கும் தண்ணீர் கல்லாகிவிடும். தூரக் கடலுக்குப் போகிற படகுக்காரர்கள் வந்தால், "ரெண்டு பிடி உப்பு போட்டு எத்துகினு போ நைனா, நாலு நாளுக்கு அசையாது" என்று சொல்லித்தான் அனுப்புவார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அங்கம்மா பானையில் இருந்த பழைய பாட்டிலின் கடைசி இருபத்து நான்கு யூனிட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பெட்டியில் ஒரு பாட்டில் பிதுங்கிக்கொண்டு நின்றதால் மூடி சரியாக உட்காரவில்லை. மனோகரன் அந்த ஏழாவதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார்.

"இன்னாய்யா, வஞ்சிரத்த பார்சல் பண்ற மாறி பண்றே?" என்றாள் அங்கம்மா.

"வஞ்சிரத்துக்குக்கூட நான் இவ்ளோ பார்த்ததில்ல. சிங்கப்பூர் போய்த் தொறந்து பாரு, ஐஸ் அப்டியே குந்திகினு இருக்கும்."

அவளுடைய பையில் பிரசவ லேகியம், சுக்கு, மகளுக்கு என்று வாங்கிய ஒரு கிலோ கருப்பட்டி எல்லாம் அவர் கையாலேயே அடுக்கியது. மீனம்பாக்கத்தில் உள்ளே போகும்போது தெர்மோகோல் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பத்தரை மணிக்கு விமானம்.

மதியம் ஒரு மணிக்கு மனோகரன் ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் யேசுதாஸின் மெடிக்கல் ஷாப்புக்கு வந்தார். யேசுதாஸ் பருத்த மனிதர். முப்பது வருஷம் துறைமுகத்து டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்துவிட்டுக் கடை வைத்தவர். அங்கம்மாவின் இன்சுலின் எல்லாம் அவர் கடையில் வாங்கியதுதான்.

"தாஸு, இந்த ஒண்ணு மட்டும் எடம் பத்தல. உன் ஃபிரிட்ஜ்ல போட்டு வையி. அவ வந்ததும் வாங்கிக்கிறேன்."

யேசுதாஸ் பாட்டிலை வாங்கினார். இந்த மருந்து நிற்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும், மேலே தெளியும். போடுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினால் ஒரே மாதிரிப் பால் போல ஆகும். அந்தப் பழக்கத்தில் கை தானாக உருட்டியது. உருட்டிவிட்டு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மறுபடி உருட்டினார். மறுபடி பார்த்தார்.

"இத்த எங்க வெச்சிருந்தே?"

"ஐஸ்லதான். நேத்து சாயங்காலத்துலேர்ந்து. உப்பு போட்டு, ஷோக்கா."

யேசுதாஸ் பாட்டிலை மனோகரன் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். பால் போல ஆகவில்லை. தண்ணீருக்குள் ரவை ரவையாக வெள்ளைத் துகள்கள் சுற்றின. கண்ணாடிச் சுவரில் பனி படிந்தது போல ஒரு பூச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒறைஞ்சிருக்குதுடா இது. ஒரு தபா ஒறைஞ்சா போச்சு. அப்பால உருகினாலும் பழையபடி ஆவாது. திரிஞ்ச பாலு திரும்பப் பாலாவுமா? அந்த மாறி. பச்சத் தண்ணியப் போட்டுக்கிறதும் இத்தப் போட்டுக்கிறதும் ஒண்ணுதான்."

மனோகரனுக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. பிறகு ஒவ்வொன்றாக ஏறியது. உப்புத் தொட்டி, கேன், கேனுக்குள் கல்லாகும் தண்ணீர். எந்தத் தொட்டியை வைத்து இருபத்தாறு வருஷம் கேனுக்குள் இருக்கும் தண்ணீரைக் கல்லாக்கினாரோ, அதே தொட்டியைத் தெர்மோகோலில் சின்னதாகச் செய்து, அதற்குள் அங்கம்மாவின் மருந்தை இறக்கியிருக்கிறார். கவர் சுற்றினால் தண்ணீர்தான் போகாது. குளிர் போகாதா? தகர கேனுக்குள் போகிற குளிர் பிளாஸ்டிக்குக்குள் போகாதா?

"அவகிட்ட ஆறு பாட்டில் கீது தாஸு. ஆறும் இதே பெட்டி."

"அவங்க எங்க இப்போ?"

மனோகரன் மேலே காட்டினார். அங்கம்மா அப்போது கடலுக்கு மேலே எங்கேயோ பறந்துகொண்டிருந்தாள். பெட்டி அவள் காலடியில் இருக்கும். சரியாக வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பாள். இன்று ராத்திரி ஒன்று, நாளைக் காலை ஒன்று என்று வெறும் தண்ணீராகப் போட்டுக்கொண்டே போவாள். ஐந்தாம் நாள் அந்தப் பெருமூச்சு வரும். அதுவும் வெற்றி வேலைக்குப் போனபின் நிறைமாதக்காரி ஒருத்தி மட்டும் இருக்கிற வீட்டில்.

"மெர்சலாவாதே. டைம் கீது. அங்கயும் இதே மருந்து கெடைக்கும். டாக்டரம்மா லெட்டரக் காட்டினா குடுத்துருவான். மாப்ளைக்கு போன் போட்டுப் புதுசு வாங்கச் சொல்லு, ஓடு."

எதிரே அம்முவின் டெலிபோன் பூத். அம்மு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். மனோகரன் சட்டைப் பையிலிருந்து எடுத்த காகிதத்தில் வெற்றியின் கைபேசி நம்பர், வீட்டு நம்பர் இரண்டும் இருந்தன. அவசரத்தில் இரண்டு தடவை தப்பான நம்பரைப் போட்டார்.

"குடுண்ணா, நான் போடுறேன்" என்று அம்மு வாங்கிப் போட்டாள். காசுக் கணக்குக் காட்டும் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்தன.

"மாமா? இன்னா மாமா, இன்னும் பிளேனே வரல. ஏர்போர்ட்டுக்குத்தான் போய்கினு கீறேன்" என்றான் வெற்றி.

மனோகரன் ஒரே மூச்சில் சொன்னார். பெட்டியில் இருக்கும் ஆறையும் தூக்கிப் போட்டுவிடு. லெட்டரைக் காட்டிப் புதுசு வாங்கு. இன்று ராத்திரிக்குள்.

"அவ்ளோதானே? ஏர்போர்ட்லயே மருந்துக்கடை கீது மாமா. அத்தையக் கையோட இட்டுகினு போய் வாங்கிர்றேன். ஊசியும் வாங்கணுமா?"

"ஊசி அவகிட்டயே கட்டா கீது. மருந்து மட்டும் வாங்கு."

அந்தக் கடைசி வார்த்தையை மனோகரன் எவ்வளவு லேசாகச் சொன்னார் என்பதைப் பின்னால் பல தடவை நினைத்துப்பார்க்கப்போகிறார்.

மூன்றரை மணிக்கு மறுபடி ஒரு தடவை வெற்றியின் கைபேசிக்குப் போட்டார். அங்கம்மாவே பேசினாள். குரலில் களைப்பு இருந்தது, சிரிப்பும் இருந்தது. "ஐஸ்ஸு கரையவே இல்லய்யா. ஆனா மருந்த செத்த மீனா ஆக்கிட்டியாமே? மாப்ள புதுசு வாங்கிட்டாரு. வையி, துட்டு ஏறும்."

மனோகரன் ஷிஃப்டுக்குப் போனார். நெஞ்சுக்குள் இருந்த கல் கொஞ்சம் கரைந்த மாதிரி இருந்தது. கிரேன் கொக்கியை மாட்டிக் கேன்களைத் தொட்டியிலிருந்து தூக்கினார். உப்புத் தண்ணீர் சொட்டியது. என்றைக்கும் அழகாகத் தெரிகிற அந்தப் பச்சை நிறத் தண்ணீரை இன்று பார்க்கவே பிடிக்கவில்லை.

நாலரை மணிக்கு ஃபேக்டரி கேட்டுக்குள் யேசுதாஸ் ஓடிவந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. செருப்பு ஒரு காலில் இல்லை. கையில் அந்த ஏழாவது பாட்டில்.

"மனோகரா, ஊசியும் வாங்கினாங்களா?"

"ஊசி இன்னாத்துக்கு? அவகிட்டயே..."

"ஐயோ." யேசுதாஸ் அங்கேயே ஒரு ஐஸ் பாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். "நான் ஒரு மடையன். இத்தத் தூக்கிப் போட எடுத்தேன், லேபிளைப் பார்த்தேன், அப்பத்தான் புத்தி வந்துச்சு. போன வருஷம் ஒரு வெளிநாட்டுக் கப்பல்காரன் வந்து நம்ம செவப்பு மூடி ஊசியக் குடுத்தா வாணாம்னான். ஆரஞ்சு மூடிதான் வேணும், இத்தப் போட்டா செத்துப்போவேன்னான்."

அவர் லேபிளில் விரலை வைத்துக் காட்டினார். நாற்பது என்று போட்டிருந்தது. நம் ஊர் இன்சுலினில் ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட் கரைத்திருக்கும். அதற்கென்றே செய்த சிவப்பு மூடி ஊசியிலும் ஒரு மில்லிக்கு நாற்பது கோடு. ஒரு கோடு இழுத்தால் ஒரு யூனிட். கணக்கே போட வேண்டாம். அங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கோடு எண்ணத் தெரியும். அந்த ஊரிலோ அதே மில்லிக்குள் நூறு யூனிட்டை அடைத்திருப்பார்கள். அதற்கு ஆரஞ்சு மூடி ஊசி, நூறு கோடு. அந்த மருந்தை நம் ஊசியில் பன்னிரண்டு கோடு இழுத்தால்?

"ஒண்ணு போட்டா ரெண்டரை போட்ட கணக்கு. பன்னெண்டு போட்டா முப்பது. பாட்டிலும் அதே சைஸு, மூடியும் அதே மாறி. பாக்குறவனுக்கு வித்தியாசமே தெரியாது. சக்கரை அப்டியே கீழ எறங்கும். வேர்க்கும், கை ஆடும், பேச்சு கொழறும். தூக்கத்துல எறங்கினா எழுப்பவே முடியாது மனோகரா."

மதியம் பார்த்த ஆபத்து ஐந்து நாளில் வருகிற ஆபத்து. இது இன்று ராத்திரியே வருகிற ஆபத்து. இந்த மருந்தை மனோகரனே வாங்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இருவரும் பூத்துக்கு ஓடினார்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், அங்கே இப்போது ஏழேகால். அங்கம்மா எட்டு மணிக்குச் சாப்பிடுகிறவள், அரை மணி முன்னால் ஊசி போட்டுக்கொள்வாள். அம்மு வெற்றியின் நம்பரைப் போட்டாள். ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி நிறுத்தியது.

"ஆஃப் பண்ணி வெச்சிருக்காருண்ணா."

வீட்டு நம்பர். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. தானாக நின்றது. மறுபடி போட்டாள். மறுபடி நின்றது. கூண்டுக்குள் காற்றே இல்லை. மனோகரன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எங்கே போய்விட்டார்கள் எல்லாரும்? நிறைமாதக்காரி இருக்கிற வீட்டில் போனை எடுக்க ஆள் இல்லையா? சுவரில் தொங்கிய கடிகாரத்தில் முள் ஐந்தைத் தொட்டது. அங்கே ஏழரை.

"இன்னொரு தபா போடும்மா."

"போட்டுகினேதாண்ணா கீறேன்."

ஐந்தேகால். ஐந்து பதினெட்டு. மணி ஒன்பதாவது தடவை அடிக்கும்போது யாரோ எடுத்தார்கள். மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"யாரு?"

"அங்கம்மா! நான்தான். ஊசி போட்டியா?"

"இன்னாய்யா நீ, இப்டி அலர்றே? மலருக்கு வலி வந்துருச்சு. திடீர்னு. மாப்ள டாக்ஸில இட்டுகினு போயிருக்காரு. நான் கீழ வரைக்கும் போய் ஏத்திவுட்டேன். திரும்ப லிப்ட்ல எந்த நம்பர அமுக்கணும்னு தெரியல. ஏழு மாடி நடந்தே ஏறி வந்தேன். அப்பா, தொடையெல்லாம்..."

"ஊசி போட்டியா?"

"வந்த ஒடனே போட்டுகினேன். பத்து நிமிசம் ஆவுது. போன் அடிச்சிகினே இருந்துச்சு, வேற பாஷக்காரங்களோன்னு பயந்து எடுக்கல. பன்னெண்டு கோடு. இனிமேதான் துன்னணும்."

யேசுதாஸ் ரிசீவரோடு காதை ஒட்டிவைத்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டார். முப்பது யூனிட். ஏழு மாடி ஏறிய உடம்பு. வெறும் வயிறு. மாடி ஏறுவதும் ஊசி மாதிரிதான் வேலை செய்யும், ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எரித்துவிடும். மூன்றும் ஒரே பக்கம் இழுக்கின்றன.

"சக்கர துன்னச் சொல்லு. இப்பவே" என்றார்.

"அங்கம்மா, நான் சொல்றதக் கேளு. கேள்வி கேக்காதே. அந்த மருந்து கெட்டியான மருந்து. நீ ரெண்டரை பங்கு போட்டுகினே. சமையக்கட்டுல போய்ச் சக்கர எடுத்து வாயில போடு. போனை வைக்காதே, அப்டியே கீழ வையி."

ரிசீவர் மேசையில் படும் சத்தம். காலடிச் சத்தம். டப்பா மூடி. இன்னொரு மூடி. பிறகு துப்பும் சத்தம்.

"உப்புய்யா! எல்லாம் வெள்ளையாக் கீது, எதுன்னு தெரியல."

உப்பு. பழகாத வீட்டில், பழகாத அடுப்பங்கரையில் அவள் டப்பா டப்பாவாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். அவள் கை ஆட ஆரம்பித்திருக்குமா? அப்போதுதான் மனோகரனுக்கு நினைவு வந்தது. அவர் கையால் அடுக்கியது.

"கருப்பட்டி! உன் பையில லேகியத்துக்கு அடில கீது பாரு. எடுத்துக் கடி."

"சக்கரக்காரியக் கருப்பட்டி துன்னச் சொல்றியா? ஆறு வருசமா ஒரு கடலமுட்டாய் துன்னா வையிவியே."

"துன்னுடி! கெஞ்சிக் கேக்குறேன். ஒரு வட்டு முழுசாத் துன்னு. தண்ணியில கரைச்சிக் குடிச்சா இன்னும் ஜல்தி."

பல்லில் நொறுங்கும் சத்தம் போனில் கேட்டது. மனோகரன் அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டே நின்றார். நடுவில் அவள் சொன்னாள், "யோவ், வேர்க்குதுய்யா. கண்ணு ஒரு மாறி..." குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"மாடி ஏறினதுல வேர்க்கும். நீ கடி. நிறுத்தாதே."

அவருக்கே அது பொய்யா மெய்யா என்று தெரியவில்லை.

யேசுதாஸ் ஜாடை காட்டினார். கருப்பட்டி கொஞ்ச நேரம்தான் தாங்கும். அந்த மருந்தில் பாதி உடனே இறங்கும், மீதி ராத்திரி முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும். தனியாக விட்டால் தூங்கிவிடுவாள். பக்கத்தில் ஆள் வேண்டும்.

"அங்கம்மா, பக்கத்து வூட்டுக் கதவத் தட்டு. டாக்டரம்மா லெட்டரக் கைல எடுத்துகினு போ. கருப்பட்டியும் கைலயே இருக்கட்டும். யாரு வந்தாலும் இட்டுகினு வந்து போனைக் குடு."

"அவுங்க இன்னா பாஷையோ. எனக்கு இன்னா பேசத் தெரியும்?"

"நீ பேச வாணாம். இட்டுகினு வா, போதும்."

மறுபடி மேசைச் சத்தம். கதவு திறந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. கடலுக்கு அந்தப் பக்கத்து வீட்டின் வெறுமை மட்டும் கம்பி வழியாக வந்தது. எங்கேயோ ஒரு ஃபேன் சுற்றியது. சிவப்பு எண்கள் ஓடின. அம்மு கையில் பூ அப்படியே நின்றிருந்தது. அவள் தாழ்வாரத்திலேயே விழுந்திருந்தால்? யாரும் வீட்டில் இல்லாவிட்டால்? இங்கே ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருக்கும் கையால் அங்கே என்ன செய்ய முடியும்?

ஒரு நிமிஷம். இரண்டு. மூன்றாவது நிமிஷத்தின் பாதியில் ஒரு ஆண்குரல், "ஹலோ?"

யேசுதாஸ் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். கப்பல்காரர்களிடம் முப்பது வருஷம் பேசிய ஆங்கிலம். வாக்கியமாக வரவில்லை, வார்த்தை வார்த்தையாக வந்தது. இன்சுலின். டூ மச். தேர்ட்டி. ஷுகர் லோ. ஆம்புலன்ஸ், ப்ளீஸ், நவ். அவளைத் தூங்கவிடாதீர்கள் என்பதற்கு, "நோ ஸ்லீப்! நோ ஸ்லீப்!" என்று கத்தினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அந்தப் பக்கத்துக் குரல் நிதானமாக இரண்டு கேள்வி கேட்டது. யேசுதாஸ் தன் கடை போன் நம்பரை இரண்டு தடவை சொன்னார். பிறகு இணைப்பு அறுந்தது.

"புரிஞ்சிதா அவனுக்கு?" என்றார் மனோகரன்.

"புரிஞ்ச மாறிதான் கீது" என்றார் யேசுதாஸ். அவர் குரலிலும் உறுதி இல்லை.

மெடிக்கல் ஷாப் ஸ்டூலில் மனோகரன் உட்கார்ந்தார். யேசுதாஸ் வந்தவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே போனைப் பார்த்தார். இரண்டு தடவை மணி அடித்தது. இரண்டும் வேறு ஆட்கள். "அப்பால பண்ணு, அப்பால பண்ணு" என்று வைத்தார். அம்மு கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டியது. மனோகரன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். மடிப்புகளில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. நேற்றையதா, இன்று ஷிஃப்டில் ஒட்டியதா தெரியவில்லை. வேட்டியில் தேய்த்தார். போகவில்லை.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது.

"மாமா, நான் வெற்றி."

மனோகரன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ம்" என்றார்.

"அத்த நல்லாக் கீறாங்க. பக்கத்து வூட்டு அங்கிள் ஆம்புலன்ஸ்ல கூடவே இதே ஆஸ்பத்திரிக்கு வந்து, என்னையும் தேடிப் புடிச்சி இந்த நம்பரக் குடுத்தாரு. இங்க வந்து பார்க்கும்போது சக்கர அம்பதுல நின்னுச்சாம். அந்தக் கருப்பட்டி இல்லன்னா வழியிலயே கதை முடிஞ்சிருக்கும்னாரு டாக்டரு. இப்ப குளுக்கோஸ் ஏறுது. காலையில வரைக்கும் மணிக்கொரு தபா குத்திப் பார்ப்பாங்க. மலர் அஞ்சாவது மாடி, அத்த ரெண்டாவது மாடி. நான் ரெண்டுக்கும் நடுவுல ஓடிகினு கீறேன். மலருக்கு இன்னும் நேரம் கீதாம். இருங்க, அத்த பேசணுமாம்."

"யோவ்." குரல் பலவீனமாக இருந்தது, ஆனால் அவள் குரல்தான். "நல்ல வேள, என்னைய ஐஸ்ல வெச்சி அனுப்பாம வுட்டியே."

மனோகரன் சிரிக்க முயன்றார். வேறு ஏதோ சத்தம்தான் வந்தது. யேசுதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு மாத்திரை அட்டையைத் தேடினார்.

"அழுவுறியா? கம்முனு இரு. கருப்பட்டி ஷோக்காத்தான் இருந்துச்சு. ஆறு வருசம் ஆச்சு."

போன் மறுபடி வெற்றியின் கைக்குப் போனது. அவன் குரலில் பழைய துள்ளல் வந்துவிட்டிருந்தது. "ஒண்ணும் கவலப்படாதீங்க மாமா. இங்கத்தி மருந்து ஒஸ்தி. அத்த ஊருக்கு வரும்போது நானே ஆறு மாசத்துக்கு வாங்கிக் குடுத்து அனுப்புறேன்."

மனோகரன் எழுந்து நின்றுவிட்டார். அந்த நூறு போட்ட பாட்டில்கள் காசிமேட்டு வீட்டுக்கு வருகின்றன. மண்பானைக்குள் உட்காருகின்றன. என்றைக்கோ ஒரு நாள் ஆரஞ்சு மூடி ஊசி தீர்ந்துபோகிறது. அங்கம்மா கடையில் சிவப்பு மூடி ஊசி வாங்கி, பன்னிரண்டு கோடு எண்ணி இழுக்கிறாள்.

"வாணாம் மாப்ள! ஒரு பாட்டில்கூட வரக்கூடாது. அங்க இருக்கிற வரைக்கும் அந்த ஊரு மருந்து, அந்த ஊரு ஊசி. அவ கட்டி வெச்சிருக்கிற செவப்பு மூடி ஊசி அத்தனையும் இன்னிக்கே குப்பையில போடு. ஒண்ணுகூட அவ கையில இருக்கக்கூடாது. இங்க வந்து எறங்கினா நம்ம மருந்து, நம்ம ஊசி. ரெண்டும் கலக்கவே கூடாது. நான் சொன்னதத் திரும்பச் சொல்லு."

வெற்றி திரும்பச் சொன்னான். போதவில்லை. இன்னொரு தடவை சொல்லவைத்தார்.

"ஆரஞ்சு ஊசி யாரு வாங்குறது?"

"நான்தான் மாமா. இப்பவே கீழ போய் வாங்குறேன்."

"வாங்கிட்டு போன் பண்ணு."

"இங்க எனக்குக் கொழந்த பொறக்கப் போவுது மாமா."

"வாங்கிட்டு ஏறிப் போ மேல" என்றார் மனோகரன். போனை வைத்துவிட்டு, அது மறுபடி அடிக்கும் வரைக்கும் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.